வெடிமருந்துக் கிடங்கின் காற்றுத்துளையை அடைக்காதீர்கள்

கடலோரக் கோட்டைகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம். வேலூரிலிருந்து, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் எழுதுகிறோம். வெடிமருந்துக் கிடங்குக்கான மதிப்பீட்டில் ‘துளைகளை அடைத்து சிமெண்ட் பூசுதல்’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

பழைய துப்பாக்கி, பீரங்கிகளுக்கான கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்). மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பைக் கரைத்துக் காய்ச்சிப் படிகமாக்கிச் சுத்தம் செய்யாவிட்டால் அதில் வேறு உப்புகள் தங்கிவிடும். கடற்காற்றின் ஈரத்தை இழுப்பவை அவைதான். ஈரம் ஏறிய மருந்து கட்டிதட்டும், வெடியுப்பு தனியே பிரிந்து பூக்கும். பிறகு வெயிலில் காயவைத்தாலும் பழைய வேகம் வராது. பீப்பாய்களை அவ்வப்போது உருட்டித் திருப்பி வைத்தது இதனால்தான்.

வேலூர், சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியின் அனுமதியோடு 1610-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. பின்னர் அங்கேயே வெடிமருந்து செய்து பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) வரை அனுப்பினார்கள். ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல். மருந்து காக்க அதைவிட மோசமான இடம் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடம்தான் காவல்.

கிடங்கின் காற்றுத்துளை நேராகப் போகாது. சுவரின் நடுவே ஒரு தடுப்புக் கல் விட்டிருப்பார்கள். காற்று அதைச் சுற்றி வளைந்து உள்ளே போகும், தீப்பொறி நேரே பாய வழியில்லை. வெளியிலிருந்து கைவிட்டால் ஒரு முழத்திலேயே கல் தட்டும். ‘எப்போதோ அடைத்த ஓட்டை’ என்று நினைத்துக் கொத்தனார் கலவையை அள்ளிப் போடுவது அங்கேதான்.

தரையும் அப்படித்தான். பலகை பரப்பிய தரைக்குக் கீழே காற்று ஓட இடைவெளி இருக்கும். பலகை போய்விட்டது என்று அதில் கான்கிரீட் கொட்டினால் மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். மேலே சிமெண்ட் பூச்சும் இருந்தால் உப்பு அதன் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தோடு சேர்த்துப் பெயர்த்துவிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், பூசியபின் பல நாள் ஈரச்சாக்கு: இது போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கைவைக்காதீர்கள்.

கதவு நிலையில் ஆணித்துளையைச் சுற்றிப் பச்சைக்கறை இருந்தால் ஆசிட் போட்டுத் தேய்க்க வேண்டாம். பொறி பறக்கக் கூடாதென்று இரும்பைத் தவிர்த்துச் செம்பாணி அடித்த தடயம் அது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கோட்டையே பதில். 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர்ப் புரட்சியில் வெடிமருந்துக் கிடங்கு சிப்பாய்கள் கைக்குப் போனது. மதில்மேல் ஒதுங்கிய வெள்ளைக்காரர்களிடம் தோட்டா தீர்ந்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்திராவிட்டால் அன்றைய முடிவே வேறு.

கலவையை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபட்டாலோ வெளியே தள்ளப்பட்டாலோ துளை வேலை செய்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் உள்ளே உள்ள மண்ணையும் கூட்டையும் மூங்கில் குச்சியால் எடுங்கள், கடப்பாரை வேண்டாம். வௌவால் தொல்லைக்கு வெளிப்பக்கம் பித்தளை வலை அடித்தால் போதும்.

இப்படிக்கு,
வேலூர் சுண்ணாம்பு வேலைக்காரர்கள்