அப்பாவுக்கு ரத்தம் தந்தவர்களுக்கும் உடன் நின்றவர்களுக்கும்

எங்கள் அப்பா காலமாகி, காரியமும் முடிந்துவிட்டது. வந்திருந்த எல்லோரிடமும் நின்று பேச முடியவில்லை. வராமலே உதவியவர்களில் பலருடைய முகம்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போவது புதிதல்ல. எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அப்பாவும் அப்படித்தான் 1965இல் சேர்ந்தார். லக்னோவில் ராணுவ மருத்துவப் படையில் பயிற்சி, பிறகு லேப் அசிஸ்டன்ட் வேலை. 1971 டிசம்பர் 3 மாலை பஞ்சாபின் பதான்கோட் விமானத் தளத்தில் பாகிஸ்தான் விமானங்கள் போட்ட குண்டு விழுந்தபோது அங்கே ராணுவ மருத்துவமனையில் இருந்தார். காயம்பட்டவர்கள் வர வர, ரத்த வகை பார்ப்பதும் கிராஸ் மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை) பண்ணுவதுமாக இரவு பகல் தெரியாமல் வேலை. அப்போது ரத்தம் கண்ணாடி பாட்டிலில்தான் வரும், பையெல்லாம் பின்னால் வந்தது. "ஆளைப் பார்க்க நேரம் இல்லம்மா, லேபிளைத்தான் பார்த்தேன்" என்பார். அந்தப் போருக்குக் கிடைத்த பஸ்சிமி ஸ்டார் பதக்கம் பீரோவில் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் லடாக்கில் உள்ள லே நகரத்தைப் பற்றித்தான். அங்கே 11,000 அடிக்கு மேலான உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். புதிதாக வந்த சிப்பாயின் ஹீமோகுளோபின் வாரத்துக்கு வாரம் ஏறுவதை சாஹ்லி குழாயில் நிறம் ஒப்பிட்டுக் கண்டதை, நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

1982இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, மருத்துவமனை லேபில் சேர்ந்தார். பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சி, நீலம் பச்சையாகி மஞ்சளாகிச் செங்கல் நிறம் வருகிறதா என்று சர்க்கரை பார்த்த காலம். 1986இல் சென்னையிலிருந்து வந்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது, இந்தியாவிலேயே முதன்முதலாக, தெரிந்தது எங்கள் வேலூர் சி.எம்.சி.யில்தான். அதன் பிறகு இந்தத் தொழிலே மாறியது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழைய பழக்கத்தைத் தன் லேபில் முதலில் நிறுத்தியவர் அப்பா. நாற்பது வயதில் எச்.ஐ.வி.யைக் கண்டறியும் எலிசா பரிசோதனையைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். பின்னால் மிஷின்கள் வந்தன. மிஷின் 'நார்மல்' என்றாலும், சந்தேகம் இருந்தால் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். காய்ச்சல் ஓயாத எத்தனையோ பேருக்கு மலேரியா கிருமி அகப்பட்டது அப்படித்தான். அந்த நோயாளிகள் யாரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது எனக்கு எப்போதுமே குறையாகத்தான் படும், அவருக்குப் பட்டதில்லை.

கடைசியில் அப்பாவுக்கு வந்ததும் ரத்தத்தில்தான். எம்.டி.எஸ். என்றார்கள், எலும்பு மஜ்ஜை அணுக்களைச் சரியாக உண்டாக்காத நோய். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். ரிப்போர்ட்டை எங்களுக்கு முன்னால் அவரே வாசித்துவிடுவார், மறைக்க எதுவும் இல்லை.

முதல் நன்றி ரத்தம் தந்தவர்களுக்கு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். அதனால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்க முடியாது. ஊர் இளைஞர்கள் தாங்களே முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். தம்பிகளா, அறுவடை நேரத்தில்கூட வேலையை விட்டு வந்தீர்கள். அப்பா பேரன் கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது உங்களால்தான்.

அடுத்தது ரத்த வங்கியில் இருக்கும் பிள்ளைகளுக்கு. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உடம்பில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகலாம். அப்போது வகை ஒன்றாக இருந்தாலும் பொருந்தாமல் போகும். ஒருநாள் இரவு ஒவ்வொரு பையாகச் சோதித்து, பொருந்தும் பையைக் கண்டுபிடிக்க விடியும் வரை உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாதவளுக்கு, என்ன சொல்வது? அப்பா அவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, சக்கர நாற்காலியில் போய்க் கும்பிட்டார். "சார், நீங்க செஞ்ச வேலைதானே" என்று அழுதுவிட்டாள். நன்றாக இரு, தாயே.

வார்டு சிஸ்டர்கள், படுக்கை விரிப்பு மாற்றிய அக்காக்கள், நடு இரவில் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணன், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதத்துக்கு அலைய விடாமல் செய்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

முன்னாள் படைவீரர் மாமாக்களே, தள்ளாத வயதில் பதக்கங்கள் அணிந்து வந்து மலர்வளையம் வைத்து சல்யூட் அடித்தீர்கள். அம்மா அதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். குடும்ப ஓய்வூதியத்துக்கு ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் விவரம் பதிந்து கொடுத்த முன்னாள் படைவீரர் நல அலுவலக ஊழியர்களுக்கும் நன்றி. அந்த வேலை எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொண்டு வந்த தெருக்காரர்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

அப்பாவின் பழைய மைக்ராஸ்கோப்பை அவர் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுக்கிறோம். அவரிடம் வேலை கற்றவர்கள் யாராவது ஒருநாள் வந்து, பிள்ளைகளுக்கு ஸ்லைடு போடக் கற்றுக்கொடுத்தால் உதவியாக இருக்கும். தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அம்மா, தம்பிகள் சார்பில் மூத்த மகள்