ஊசியை நிறுத்திய பிறகு

அன்புள்ள கண்ணம்மா,

எடை குறைய, நான் போடுகிற ஊசியை 'நானும் போட்டுக்கொள்ளலாமா' என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் அன்று மழுப்பிவிட்டேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

சர்க்கரைக்காக டாக்டர் எழுதித் தந்தது செமாகுளுடைடு. சாப்பிட்டதும் குடலில் சுரந்து, பசியை அடக்கி சர்க்கரையைக் குறைக்கிற ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நம் உடம்பில் சுரப்பது சில நிமிடத்தில் கரைந்துவிடும். இது நாள்கணக்கில் நிற்கும். அதனால் வாரத்துக்கு ஒரு ஊசிதான். முதல் 4 வாரம் 0.25 மில்லிகிராம், பிறகு 0.5, அப்புறம் 1. பேனா மாதிரி இருக்கும். வயிற்றில் குத்தி பட்டனை அழுத்தி, சின்ன ஜன்னலில் 0 வந்ததும் ஆறு வரை எண்ணிவிட்டு எடுப்பேன். குமட்டலும் மலச்சிக்கலும் இருந்தன, போகப்போக அடங்கின.

மூன்றாவது மாதம் ஒரு நாள், தட்டில் பாதி மீதி இருக்கும்போதே கை நின்றுவிட்டது. போதும் என்று வயிறு சொன்னது. 58 வயதில் முதல் தடவை! அடுப்படியைத் தாண்டும்போதெல்லாம் மண்டைக்குள் 'ஏதாவது இருக்கா' என்று கேட்கும் குரலைக் காணோம். அப்படியே உட்கார்ந்து அழுதேன். உனக்குப் பதினாலு வயது இருக்கும். நீ இரண்டாம் தடவை தட்டை நீட்டினாய். "வாயைக் கட்டத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். உனக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும், என் வயிற்றில் பிறந்தவள்தானே. என்னை மன்னித்துவிடு.

11 கிலோ குறைந்ததும், இனி எதற்கு என்று டாக்டரைக் கேட்காமலே நிறுத்தினேன். மருந்து உடம்பை விட்டுப் போக 5 வாரம் போல ஆகும். அதுவரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, எதை எடுக்க வந்தோம் என்றே தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தேன். குரல் திரும்பி வந்துவிட்டது. எட்டு மாதத்தில் 7 கிலோ ஏறியது, சர்க்கரையும் கூடவே. வெட்கத்தில் டாக்டர் பக்கமே போகவில்லை, அதுதான் நான் செய்த பெரிய தப்பு. கடைசியில் போனபோது அவர் திட்டவில்லை. நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022-ல் ஓர் ஆய்வு வந்ததாம். "பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும். அது உங்கள் குற்றமாம்மா?" என்றார்.

மறுபடி 0.25-லிருந்து தொடங்கியிருக்கிறேன். எடையோடு தசையும் கரையும் என்பதால் இந்தத் தடவை பளு தூக்கும் பயிற்சியும் உண்டு.

நெட்டில் விற்கிற, நாமே தண்ணீர் கலந்து போட்டுக்கொள்ளும் பொடி சீசா மட்டும் வேண்டாம். உள்ளே என்ன, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. குழந்தைக்கு யோசனை இருந்தால் குறைந்தது 2 மாதம் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும், அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

என்றைக்குப் போகிறாய் என்று சொல், நானும் வருகிறேன். உள்ளே நீ மட்டும் பேசு, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா