பில்லில் ‘ஃபுல் சிந்தெடிக்’, இன்ஜினுக்குள் 20டபிள்யூ-50: ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்
(டொயோட்டா விட்ஸ், 2012 மாடல், 1.3 லிட்டர்)
தாமுவே, ரங்கூன்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
ரங்கூன்

பொருள்: கேட்ட கிரேடுக்குப் பதில் வேறு இன்ஜின் ஆயிலை, அதுவும் அளவுக்கு மேல் ஊற்றியது பற்றியும், அதைச் சரிசெய்து தரக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கார் சர்வீஸ் நிலையத்தில் கவுன்டரிலிருந்து பட்டறை வரை தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பர்மிய மொழியில் கோபத்தை அளவாக எழுத எனக்கு வராது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஆயில் மாற்றுவதற்காக வண்டியை உங்களிடம் விட்டேன். விடுவதற்கு முன் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: என் வண்டிக்கான கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை அளவு, 0டபிள்யூ-20 இருக்கிறதா? இருக்கிறது, கொண்டு வாருங்கள் என்றார்கள். மாலையில் வண்டி கைக்கு வந்தது. பில்லில் ‘இன்ஜின் ஆயில், ஃபுல் சிந்தெடிக், 4 லிட்டர்’ என்று ஒரு வரி, ‘ஆயில் பில்டர் 1’ என்று இன்னொரு வரி. கிரேடு எழுதும் வழக்கம் இல்லை போலிருக்கிறது.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல்பக்கத்தில் சடசடவென்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி எழும்ப யோசிக்கிறது. பெட்ரோலும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் குறிக்கும் மேலே ஒரு விரற்கடை நின்றது.

நேரில் வந்து, எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். பின்பக்கம் போன பையன், பாவம், மறைக்கத் தெரியாமல் காலி டப்பாவையே கொண்டுவந்து கொடுத்தான். 20டபிள்யூ-50. மினரல் ஆயில், சிந்தெடிக்கே அல்ல. டப்பாவைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். அந்தப் பையனை யாரும் திட்ட வேண்டாம். உங்கள் நிலையத்தில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

அப்புறம் உங்கள் சர்வீஸ் ஆலோசகர் வந்தார். தவறு நடந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் நான்கு வரியில் முடிந்திருக்கும். அவரோ சுவரில் இருந்த பலகையைக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினார். “அக்கா, 0டபிள்யூ எல்லாம் ஜப்பான் பனிக்கு. ரங்கூன் வெயிலுக்குத் தண்ணி ஆயில் தாங்காது. உங்க வண்டியும் லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. கெட்டியா இருந்தாதான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு” என்றார். பாடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனியைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. டபிள்யூ குளிர்காலத்தைத்தான் குறிக்கிறது. ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ தரப்படி 0டபிள்யூ ஆயிலைக் குளிர்நிலை ஸ்டார்ட்டிங்குக்காக மைனஸ் 35 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ரங்கூனில் ஜனவரி விடியலில்கூட பூஜ்யத்தின் பக்கம் போவதே இல்லை. ஆகவே நம் ஊரில் 0-வும் 5-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். 0டபிள்யூ-20 கையிருப்பு இல்லை, 5டபிள்யூ-30 ஊற்றட்டுமா என்று கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். 0டபிள்யூ-20 கிடைக்காத இடத்தில் 5டபிள்யூ-30 ஊற்றலாம், அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள் என்று டொயோட்டாவே தன் கையேடுகளில் இடம் கொடுக்கிறது.

அவர் கவனிக்காமல் விட்டது இரண்டாவது எண்ணை. அது ஆயில் 100 டிகிரியில், அதாவது இன்ஜின் சூடாக ஓடும்போது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லும் எண். 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. சூடான நிலையிலேயே என் இன்ஜின் எதிர்பார்ப்பதைப்போல் இரண்டு மடங்கு கெட்டியான ஆயில் இப்போது உள்ளே இருக்கிறது.

சரி, வெயில்? ஏப்ரல் மாதத்தில் அனவ்ரதா சாலையில் காளி கோயில் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டு வெந்தவள் நான். ரங்கூன் வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியே 37 டிகிரி அடிப்பது உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியுமே தவிர, இன்ஜினுக்கு அது பெரிய செய்தி அல்ல. அதன் சூட்டைத் தீர்மானிப்பவை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஃபேனும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும். கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி நிற்கும். ஜப்பானின் சப்போரோவில் ஓடினாலும் ரங்கூனில் ஓடினாலும், கூலிங் சிஸ்டம் ஒழுங்காக இருந்தால் இதுதான் கணக்கு. ஊருக்கு ஊர் மாறுவது ஸ்டார்ட் செய்யும் நேரத்துச் சூடு. அதற்காகத்தான் முதல் எண்.

கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது. இன்ஜின் அதிகம் தேய்வது ஆயில் மேலே ஏறிச் சேருவதற்கு முன்பான அந்த முதல் சில விநாடிகளில். பனி இல்லாவிட்டாலும் காலையில் நம் வண்டி குளிர்ந்துதான் கிடக்கிறது. 40 டிகிரியில் சாதாரண 20டபிள்யூ-50 ஆயிலின் கெட்டித்தன்மை 150 சென்டிஸ்டோக்கைத் தாண்டும். 0டபிள்யூ-20 ஆயில் 40, 45 என்ற அளவில் இருக்கும். 25 டிகிரியில் இந்த இடைவெளி இன்னும் கூடும். நல்லெண்ணெய் ஓட வேண்டிய சந்தில் விளக்கெண்ணெயை விட்ட கதைதான். கெட்டி ஆயிலைத் தள்ளும்போது பிரஷர் ஏறுவது உண்மை. ஆனால் பிரஷர் ஏறினால் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி விட்டுவிடும். ஃபில்டரில் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்தால் வடிகட்டாத ஆயில் அப்படியே உள்ளே போகும். பிரஷர் வேறு, ஓட்டம் வேறு.

என் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான இரண்டு கேம்ஷாஃப்டுக்கும் விவிடி-ஐ இருக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்துவது அதன் வேலை. அதை நகர்த்தும் சக்தி இந்த ஆயிலின் பிரஷர்தான். மெல்லிய துவாரங்கள், சிறிய வலை வழியாக ஆயில் போய் வர வேண்டும். கெட்டி ஆயில் அங்கே தாமதிக்கிறது. தாமதம் அதிகமானால் பி0011 போன்ற பிழைக் குறியீடு பதிவாகி செக் இன்ஜின் விளக்கு எரியும். என் வண்டியில் இன்னும் எரியவில்லை. எரியும்வரை காத்திருக்கவும் எனக்கு விருப்பமில்லை.

லட்சம் கிலோமீட்டர் பேச்சுக்கு வருகிறேன். பழைய இன்ஜின் ஆயில் குடித்தால், புகை விட்டால், ஒரு படி கெட்டியாகப் போவது நியாயம். அதிக வேகத்திலும் அதிகச் சுமையோடும் ஓடும் வண்டிக்குச் சற்றுக் கெட்டியான ஆயில் பொருந்தலாம் என்று டொயோட்டா கையேடுகளிலேயே ஒரு வரி உண்டு. அதை மறைத்து வாதாட மாட்டேன். மாண்டலே எக்ஸ்பிரஸ்வேயில் ஆள் நிரப்பிக்கொண்டு பறக்கிற வண்டி என்றால் பேசிப் பார்க்கலாம். என் வண்டி தாமுவேயிலிருந்து தெய்ன்ஜி சந்தைக்கு மிளகாய், மல்லி வாங்கப் போய் வருகிறது. ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கியதே இல்லை. அப்படியே படி ஏற வேண்டும் என்றாலும் 20-லிருந்து 30-க்குத்தானே ஏறுவார்கள்? நடுவில் 30, 40 என்று இரண்டு படிகளைத் தாண்டி 50-க்குக் குதிப்பதற்கு என்ன காரணம்?

காரணம் அந்தப் பலகைதான் என்று நினைக்கிறேன். வண்டியின் வயது ஒரு பக்கம், ஆயில் கிரேடு எதிர்ப்பக்கம். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. எந்த இன்ஜின் என்று கேட்கவே இல்லை. முன்பு நகரமெங்கும் ஓடிய குட்டி நீல மஸ்தா டாக்ஸிகளுக்கும் பழைய ஹினோ பஸ்களுக்கும் அந்தப் பலகை பொருந்தியிருக்கலாம். அவற்றின் இன்ஜின்கள் கெட்டி ஆயிலுக்குப் பழகியவை. 2011-க்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஜப்பான் வண்டிகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 1970-ல் சாலையை வலப்பக்கத்துக்கு மாற்றிய பிறகும் ஸ்டியரிங்கை வலப்பக்கமே வைத்துக்கொண்டு, எதிரே வருவது தெரியாமல் லாரியை முந்தப் பழகிய ஜனங்கள் நாம். பொருந்தாததோடு காலம் தள்ளுவது நமக்குப் புதிது இல்லைதான். அதை இன்ஜினுக்குள்ளும் கொண்டுபோக வேண்டுமா?

கையேடு ஜப்பான் மொழியில் இருக்கிறது, யாருக்குப் புரியும் என்றும் உங்கள் ஆலோசகர் கேட்டார். எழுத்து புரியாவிட்டாலும் எண் எண்தான். ஆயில் பக்கத்தில் 0W-20 என்பது ஆங்கில எழுத்தோடு தெளிவாக அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் 3.4 என்ற எண்ணும் இருக்கிறது.

இந்த 3.4 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பில்டரோடு சேர்த்து மாற்றினால் என் இன்ஜினுக்குப் பிடிக்கும் ஆயில் 3.4 லிட்டர். ஜப்பான் டப்பா 4 லிட்டர். உங்கள் ஆட்கள் டப்பாவைக் கவிழ்த்து முழுவதையும் ஊற்றிவிட்டார்கள். எதிர் வீட்டு டாக்ஸிக்காரர் டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி, மேல் குறி வரும்வரை எடுத்தார். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நிரம்பி இன்னும் கொஞ்சம் மிச்சம் வந்தது. அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் அதில் அடித்து நுரை கிளப்பும். நுரை கலந்த ஆயிலைப் பம்ப் ஒழுங்காகத் தள்ளாது. கிரேடு விஷயத்திலாவது கருத்து வேறுபாடு என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பில்லில் ‘ஃபுல் சிந்தெடிக்’ விலை வாங்கியது இன்னொரு கணக்கு. டப்பாவில் ஏபிஐ என்ற ஆயில் தரச் சான்றின் வட்டம் இருக்கிறது. நடுவில் 20W-50 என்று போட்டிருக்கிறது. பெட்ரோல் கார்களுக்கான ஐஎல்சாக் நட்சத்திர முத்திரை இல்லை. இருக்கவும் முடியாது. ஐஎல்சாக் தரம் எரிபொருள் சிக்கனமும் கேட்பது. அது மெல்லிய கிரேடுகளுக்கு மட்டும்தான் உண்டு, 20டபிள்யூ-50 அந்தப் பட்டியலிலேயே கிடையாது. டப்பாவின் முகத்தைப் பார்த்தாலே பில் எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

எனக்கு வேண்டியது இது. இப்போது உள்ள ஆயிலை முழுவதும் வடித்து, புதிய பில்டரும் புதிய டிரெயின் பிளக் வாஷரும் போட்டு, 0டபிள்யூ-20 ஆயிலை என் கண் முன்னால் டப்பா உடைத்து, 3.4 லிட்டர் அளந்து ஊற்ற வேண்டும். செலவு உங்களுடையது. ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பிழைக் குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மினரல் ஆயிலுக்கும் சிந்தெடிக்குக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். இனி உங்கள் பில்களில் கிரேடும் தரமும் ஊற்றிய அளவும் இருக்க வேண்டும். அந்தப் பலகையைக் கழற்றுங்கள், அல்லது எந்த இன்ஜினுக்கு எந்த ஆயில் என்று திருத்தி எழுதுங்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஹோண்டா ஃபிட் வண்டிக்காரரும் அதே டப்பாவைத்தான் வாங்கிப் போயிருப்பார் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வர்த்தக அமைச்சகத்தின் நுகர்வோர் விவகாரத் துறையில் புகார் கொடுப்பேன். அந்தக் கடிதத்தைப் பர்மிய மொழியில் எழுத ஆள் தயாராக இருக்கிறார். அவர் என்னைப்போல் அளவாக எழுதுகிறவர் இல்லை.

வண்டியை எந்த நாளிலும் காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவர முடியும். முதல் நாளே போன் செய்து சொன்னால் போதும். 0டபிள்யூ-20 டப்பா கையிருப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விட்ஸ் வண்டியின் உரிமையாளர்
தாமுவே

இணைப்பு: பில் நகல், காலி டப்பாவின் இரு பக்கப் படங்கள், டிப்ஸ்டிக் படம், உறிஞ்சி எடுத்த ஆயிலின் படம், கையேட்டின் ஆயில் பக்கம்.