கட்டைப் பிரிக்காதீர்கள்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. கூட்ட நடவடிக்கைகளை நடவடிக்கைப் புத்தகத்தில் யாரும் பார்க்கலாம். ஆகவே இந்த அறிக்கை முழுவதும் காகிதங்களைப் பற்றியதே. நம் சங்கம் சேர்ப்பது செட்டிநாட்டு வீடுகளில் கிடக்கும் தொழில் கணக்குகளும் குடும்பக் காகிதங்களும். பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கொண்டுவிற்க (கடல் கடந்து தொழில் செய்ய)ப் போனவர்களின் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை, ஏஜெண்டுகளின் சம்பளச் சீட்டு, உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு), கடிதம், காப்பி லெட்டர் புத்தகம் ஆகியவை ஒரு பக்கம். இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), முறைச்சிட்டை (சீர்வரிசைப் பட்டியல்), வீடு கட்டிய கணக்கு, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவை மறுபக்கம். பெட்டகத்துக்குள் இந்த இரண்டு பக்கமும் கலந்துதான் இருக்கும். பிரித்து அடுக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். பிரிக்கக் கூடாது என்பதுதான் இவ்வாண்டு நாம் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

காரணம் கணக்கு எழுதிய முறையிலேயே இருக்கிறது. அன்றாட வரவும் பற்றும் முதலில் குறிப்பேட்டில் நாள்வாரியாக ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். மூன்று வருடத் தவணை முடிந்து ஏஜெண்டு ஊர் திரும்பும்போது ஐந்தொகை என்னும் இறுதிக் கணக்கு எடுப்பார்கள். அதில் உள்ள ஒரு தொகைக்கு விளக்கம் பேரேட்டில் இருக்கும், பேரேட்டு வரிக்கு விளக்கம் குறிப்பேட்டில் இருக்கும், குறிப்பேட்டில் விளங்காத வரிக்கு அதே வாரம் முதலாளிக்கு எழுதிய கடிதம் விடை சொல்லும். இவற்றில் ஒன்றை உருவி எடுத்தால் மற்றவை ஊமையாகிவிடும். வட்டியையே பாருங்கள். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். அதனால் ஒரே கணக்கில் மாதத்துக்கு ஒரு வட்டி விகிதம் ஓடும். ஒற்றைப் பக்கத்தைப் பார்ப்பவர் கணக்குப்பிள்ளை தப்புப் போட்டுவிட்டார் என்றுதான் நினைப்பார்.

ஊருக்கு வந்து சேர்ந்த நகல்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள், அதாவது வட்டித் தொழில் நிறுவனங்கள், இருந்தன. கடனாக நின்ற தொகை ஏறக்குறைய 75 கோடி ரூபாய். நெல் விலை விழுந்தபின், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13இல் செட்டியார்கள் கைக்கு வந்த நிலம், 1930இல் 6 விழுக்காடாக இருந்தது, 1937இல் 25 விழுக்காடானது. இவை அரசாங்கம் வெளியிலிருந்து பார்த்து எழுதிய எண்கள். எந்த ஊர் விவசாயியின் எத்தனை ஏக்கர், எந்த மாதம், எவ்வளவு பாக்கிக்கு வந்தது என்பது பேரேட்டில்தான் தெரியும். 1942இல் ஜப்பானியர் வந்தபோது உயிரோடு வந்தால் போதும் என்று கிளம்பியவர்கள் கடைக் கணக்குகளையா சுமந்து வந்திருப்பார்கள்? அதற்கு முன்பே தபாலில் வந்து இங்கே மச்சில் கிடந்தவைதான் பல கடைகளுக்கு இன்று மிச்சம். நிலத்தை இழந்தவர்களின் பெயர்களும் அதே ஏடுகளில் இருக்கின்றன என்பதை நம் உறுப்பினர்கள் மனதில் வைக்க வேண்டும். இது நம் பாட்டன்மார் பெருமை பேச மட்டும் சேர்க்கும் சரக்கு அல்ல.

வீட்டில் எடுக்கும் முறை

முறையை இவ்வாண்டு எழுத்தில் உறுதி செய்திருக்கிறோம். எதையும் தொடுமுன் பெட்டகத்தையும் அலமாரியையும் திறந்த நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற ஒழுங்கில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் வீட்டு எண், வீட்டின் எந்தக் கட்டு (பகுதி), எந்த அறை, எத்தனையாவது தட்டு என்பதைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா, ஸ்கெட்ச் பேனா, ஒட்டும் மஞ்சள் சீட்டு மூன்றும் ஆகாது. கட்டியிருக்கும் கயிறு இற்றுப்போயிருந்தால் வெட்டிவிட்டு வேறு நாடாவால் கட்டலாம். உள்ளே இருக்கும் ஒழுங்கு மாறக் கூடாது. பழைய மேலுறையில் எழுத்து இருந்தால் அந்த உறையும் ஆவணம்தான்.

ஒவ்வொரு கட்டிலும் முதலில் தேட வேண்டியது விலாசம். மூன்று நான்கு முன்னெழுத்துகள்தான், ஆனால் கடை எந்தக் குடும்பத்தின் எந்தக் கிளை என்பதை அதுதான் சொல்லும். பங்காளிகள் பிரிந்தபோது ஓர் எழுத்து கூடும் அல்லது குறையும். அந்த ஓர் எழுத்தை விட்டால் இரண்டு கடைக் கணக்கு ஒன்றாகிவிடும். நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது நகரக் கோயில்களில் குடும்பம் எந்தக் கோயில் என்பதையும் சேர்த்து எழுதினால் ஒரே விலாசம் இரண்டு ஊரில் வரும்போது குழப்பம் தீரும்.

படிப்பதில் வரும் பிழைகள்

பட்டியல் தயாரித்ததில் திருத்த நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கும்.

எண்கள் முதல் வகை. பழைய கணக்கில் பூச்சியம் கிடையாது. ௰௨ என்பது 12. அதை 102 என்று எழுதிவிடுகிறார்கள். ௲௯௱௩௰ என்றால் 1,930. ஏட்டின் தலையில் இருக்கும் பிள்ளையார் சுழியை 2 என்று சேர்த்துப் படித்ததும் உண்டு. பின்னங்களில் மா என்பது இருபதில் ஒன்று, மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் பணக் கணக்கில் மாகாணி சரியாக ஓர் அணா. இரண்டையும் மாற்றிப் படித்தால் கூட்டல் ஒருபோதும் நேராகாது. அணாப் பைசாக் கணக்கு 1957 ஏப்ரலில் முடிந்தது என்பதால் நாள் தெரியாத துண்டுக் காகிதத்துக்கு இது ஓர் எல்லைக்கல்லும்கூட. காலுக்கு வகரம், எட்டுக்கு அகரம் போன்ற குறி. ‘எட்டேகால் லட்சணம்’ (அவலட்சணம்) என்ற ஏச்சே இந்த இரண்டையும் சேர்த்து வந்ததுதான். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த ஏழையும் அட்டையில் அச்சிட்டு மேசைதோறும் ஒட்டியிருக்கிறோம். பற்றுக்குறியும் வரவுக்குறியும் கூட்டெழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும். ஐயம் வந்தால் அடுத்த வரியின் மீதித் தொகையைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆண்டு இரண்டாவது வகை. ஸ்ரீமுக வருடம் 1933–34ஆகவும் இருக்கலாம், 1873–74ஆகவும் இருக்கலாம். ரெவின்யூ ஸ்டாம்பில் யார் தலை என்று பாருங்கள். விக்டோரியாவா, ஐந்தாம் ஜார்ஜா என்பதிலேயே பாதிச் சந்தேகம் போய்விடும். பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டதால் அதற்குப் பிந்திய அஞ்சல் தலைகளில் பர்மா என்ற பெயர் வரும். இன்னொன்று: ஸ்ரீமுக வருடத்து மாசி மாதம் 1934ஆம் ஆண்டில் வருவது. 1933 என்று போட்டால் கடிதம் அதற்குப் பதில் எழுதிய கடிதத்துக்குப் பின்னால் போய்விடும்.

ஊர்ப்பெயர்கள் மூன்றாவது. பீகு இன்று பாகோ, மோல்மேன் இன்று மௌலமியாயின், பாசின் இன்று பத்தேய்ன். ஏட்டில் உள்ளபடி ஒரு கட்டத்திலும் இன்றைய பெயர் அடுத்த கட்டத்திலும் வர வேண்டும். ஏட்டுப் பெயரைத் ‘திருத்தி’ எழுதாதீர்கள்.

பூச்சி, ஈரம், பசை

கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நாம் செய்வது குளிரூட்டல்தான். கட்டைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைச் சூடாக ஒட்டி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி வரை காட்டும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் வியர்த்து, ஏடு நனையும். பையில் ஓட்டை இருந்தாலும் அதே கதி. வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு போதாது. கதவு திறந்து மூடும்போது குளிர் ஏறி இறங்கி, பூச்சி பிழைத்துக்கொள்ளும். ஓலைச்சுவடியும் மெழுகு முத்திரை உள்ள பத்திரமும் ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. நாப்தலின் உருண்டை பூச்சியைக் கொல்லாது, விரட்டும். அறையில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். வசம்பைத் துணி முடிச்சாகத் தட்டின் ஓரத்தில் வைப்பதற்குத் தடையில்லை. வேப்பிலையை ஏட்டுக்குள் வைக்காதீர்கள். அது நொறுங்கிக் கறையாகும்.

கட்டுகளைச் சுற்றும் கோராத் துணியைக் கொதிநீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சி போக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். கஞ்சித் துணி இராமபாணத்துக்கு விருந்து. தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்திலும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியும் இருக்கட்டும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அறையின் மீட்டரைக் காலையும் மாலையும் பார்த்து எழுதும் வேலை தவறக் கூடாது; இவ்வாண்டு சில நாள் விடுபட்டிருக்கிறது.

மழையில் நனைந்த ஏட்டைப் பார்த்ததும் செய்யும் முதல் தப்பு, அதை முற்றத்து வெயிலில் விரித்து வைப்பது. தாள் சுருண்டு, மையும் வெளுத்துவிடும். நிழலில், மின்விசிறி நேரே படாமல், சில தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாளைச் செருகி, அது நனைய நனைய மாற்ற வேண்டும். இரண்டு நாளில் பூஞ்சை தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் முடிக்க இயலாத அளவு இருந்தால் பையிலிட்டு ஃப்ரீசரில் போட்டுவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். காப்பி லெட்டர் புத்தகத்துக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். மெல்லிய தாளை நனைத்து, அச்சு யந்திரத்தில் அழுத்தி எடுத்த நகல்கள் அவை; ஈரத்தில் கரையும் மையால் ஆனவை. ஒரு சொட்டு நீர் பட்டால் பக்கம் முழுவதும் ஊதாவாகிவிடும். காப்பிப் பென்சில் (நனைந்தால் ஊதாவாகும் பென்சில்) எழுத்தும் அப்படியே.

கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். குறித்து மட்டும் வையுங்கள். நாம் ஒட்டுவது ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாச்சத்துப் பசையும். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அதிலுள்ள செம்பு தாளைச் சீக்கிரம் பொரியச் செய்யும். லேமினேஷன் செய்த பத்திரங்கள் சில வந்திருக்கின்றன. அவற்றுக்கு நம்மால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. சூட்டில் ஒட்டியதைத் திருப்ப வழியில்லை. தயவு செய்து உறவினர்களிடம் சொல்லுங்கள்.

படம் எடுத்தல்

300 பிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள்) குறையாமல், மங்கிய மைக்கு 400, நிறத்தோடு. ஒவ்வொரு ஏட்டின் முதல் படத்திலும் நிற அட்டையும் அளவுகோலும் இருக்க வேண்டும். விளக்கு இரண்டு, இரு பக்கமும் 45 டிகிரிச் சாய்வில். மூலப் படம் டிஃப், பார்வைக்கு ஜேபெக். ஃபூல்ஸ்கேப் அளவுப் பக்கம் ஒன்று 300 பிபிஐயில் சுமார் 28 எம்பி வருகிறது. 400 பக்கப் பேரேடு ஒன்றே 11 ஜிபி. வட்டு வாங்கும்போது இந்தக் கணக்கை வைத்தே வாங்குங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். விட்டால் பக்கம் தொலைந்ததா, வெற்றாக இருந்ததா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. படம் எடுத்தாகிவிட்டதே, இனி ஏடு எதற்கு என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வருகிறது. தாளின் நீர்க்குறியும் தைத்த நூலும் இடையில் கிழித்த பக்கத்தின் அடிக்கட்டையும் படத்தில் வராது.

உரிமையும் மறைப்பும்

வளவில் (பொது வீட்டில்) பல புள்ளிகளுக்கு (தனிக் குடும்பங்களுக்கு)ப் பங்கு இருப்பதால் ஒருவர் கையெழுத்து போதாது. பங்காளிகள் அனைவரும் இசைந்த கடிதம் இல்லாமல் இனி எதையும் ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கொடையா, வைப்பா என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கடிதத் தாள் பெற்றவர் வீட்டுக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவர் வாரிசுகளுக்கு. பெட்டகம் பழம்பொருள் கடைக்குப் போய், உள்ளிருந்த காகிதம் எடைக்குப் போவது நின்றபாடில்லை. ஸ்டாம்புக்காக உறைகளை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தருகிறவர்களும் உண்டு. உறையில்தான் அஞ்சல் முத்திரைத் தேதி இருக்கும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப்படியும் ஆவணமும் தொல்பொருளே. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விலை பேச வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

சுவீகாரம், மணமுறிவு, நோய் பற்றிய காகிதங்கள் தனி உறையில் முத்திரையிட்டு, அவை எடுக்கப்பட்ட இடத்தில் ஓர் அடையாளச் சீட்டோடு வைக்கப்படும். திறக்கும் ஆண்டைக் கொடுப்பவர் குறிப்பார். அவர் குறிக்காவிட்டால் செயற்குழு குறிக்கும்.

வரும் ஆண்டில் முதல் வேலை, பட்டியல் எழுதாமல் நிற்கும் கட்டுகளை முடிப்பது. அதுவரை புதிய வீடுகளுக்குப் போவதை நிறுத்தி வைக்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். மேலும் ஓர் ஈரப்பத மீட்டரும் இரண்டாவது ஃப்ரீசரும் தேவை. மழைக்காலத்துக்கு முன் வாங்க அனுமதி கோருகிறேன். ஃப்ரீசருக்குத் தனி மின்இணைப்பும் மின்தடை தாங்கும் ஏற்பாடும் அந்த மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டுள்ளன.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்