கொக்குவில் வீட்டுச் சுவர்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நீ கேட்டபடி, வாங்க யோசிக்கிற கொக்குவில் வீட்டை நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தேன். நல்ல வளவு. கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தும் பார்த்தேன், உவர் இல்லை. பின்பக்கம் நாலைந்து ஓடு மாற்றவேண்டும். அதெல்லாம் போனில் சொல்லலாம். இதை உட்கார்ந்து எழுதுவது முன் அறைக்காக.

முன்பக்கத்தில் வயதான ஒரு ஐயாவும் மனைவியும் பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். பின்னால் இரண்டு அறையில் ஒரு இளம் குடும்பம். ஐயா சிகரெட்டும் பிடிப்பார், சுருட்டும் பிடிப்பார், எல்லாம் அறைக்குள்தான். அவரைக் கேட்டுவிட்டுச் சுவர்க் கலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். அதன் பின்னால் ஒரு வெள்ளைச் சதுரம், சுற்றிவரத் தேயிலைச் சாயம் பூசினமாதிரி மஞ்சள். அம்மப்பாவின் சுருட்டுக் கொட்டில் சுவரும் இப்படித்தான் இருந்தது. கடைசி இரண்டு வருடம் அவர் படுக்கவும் முடியாமல் இருந்தபடியே இருமின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் புகை விஷயத்தில் நான் கண்டிப்பானவள் என்பது உனக்குத் தெரியும்.

ஆனாலும் “வாங்கினதும் அவர்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடலாம்” என்று நீ சொன்னது சரியில்லை, ராசா. வீடு கைமாறினால் வாடகை உடன்படிக்கை முறிந்துபோகாது. பழைய சொந்தக்காரர் நின்ற இடத்தில் நீ நிற்பாய், அவ்வளவுதான். இலங்கையின் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குள் வருகிற குடியிருப்பாளர் என்றால், சட்டம் சொன்ன காரணம் இல்லாமல் எழுப்பவே முடியாது. இவர்கள் அதற்குள் வருகிறார்களா என்று காணி உறுதி எழுதமுதல் சட்டத்தரணியிடம் கேள். 2006இல் வந்த புகையிலைச் சட்டம் பொது இடங்களுக்குத்தான், ஒருவர் குடியிருக்கிற அறைக்கு அது வராது.

அதனால் முதலில் உடன்படிக்கையின் பிரதியை விற்கிறவரிடம் வாங்கு. புகைபிடிப்பது பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா, எப்போது முடிகிறது, அட்வான்ஸ் எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது, எல்லாம் பார். அட்வான்ஸை விலையில் கழிக்காவிட்டால் நாளைக்கு நீதான் உன் கைக்காசில் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும். சுவரையும் விலையில் பேசு. மஞ்சளுக்கு மேலே சும்மா பெயின்ற் அடித்தால் கொஞ்ச நாளில் கறை திரும்ப வெளியே வரும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கறையை மூடுகிற அடிப்பூச்சு ஒன்று அடித்து, பிறகுதான் பெயின்ற். திரைச்சீலை, மெத்தை எல்லாவற்றிலும் அந்த மணம் ஊறியிருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை பின் அறைப் பிள்ளைதான். நாலு வயது, மூச்சிழுப்பு இருக்கிறது. முன் அறைக்கும் அந்த அறைக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, மேலே திறந்தபடி. ஐயா பற்றவைத்தால் பிள்ளையின் கட்டிலுக்கு மேலேதான் புகை வந்து இறங்குகிறது. தாய் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள், பாவம், ஒன்றும் சொல்லவில்லை. நீ வாங்கினால், பெயின்ற் கிடக்கட்டும், முதலில் அந்தச் சுவரைக் கூரை வரைக்கும் கட்டி அடை.

ஐயாவோடும் கொஞ்சம் கதைத்தேன். சொந்தக்காரர்மாதிரி இல்லை, சும்மா. “வாங்கிற ஆள் எங்களை எழுப்பிப்போடுமோ, பிள்ளை?” என்றுதான் முதலில் கேட்டார். கை நடுங்கியது. பிள்ளையின் இழுப்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கிணற்றடி மாமரத்துக்குக் கீழே ஒரு கதிரை போட்டால் அங்கே போய்ப் பிடிக்கிறேன் என்றார். மழைக்கு என்ன செய்வது என்று மனைவி கேட்டார். சின்னத் தகரச் சாய்ப்பு ஒன்று இறக்கினால் போதும், பெரிய செலவில்லை.

வாங்குகிறதென்றால், அடுத்த உடன்படிக்கையில் வீட்டுக்குள் புகைக்கக்கூடாது என்று எழுதிக்கொள். அதற்கு முன்னம் நீயே அவருக்குப் போன் எடுத்து, எழுப்பமாட்டேன் என்று சொல்லு. இலக்கம் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே குளிர் கூடவாம், காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா