மாப்பிள்ளை போனை எடுத்தபோது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன வாரம் நான் அழைத்தபோது மாப்பிள்ளைதான் போனை எடுத்தார். சந்தோஷமான செய்தி கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்தேன். "என்ன செய்தி அத்தை?" என்றார். அப்படியே பேச்சை மாற்றி, என் முழங்கால் வலியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ திரும்ப அழைக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குத் தூங்கு.

அப்பா நன்றாக இருக்கிறார். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உன் வயதில் இப்படி ஒரு பதவியும் சம்பளமும் எனக்குக் கனவில்கூட வந்ததில்லை. இரண்டு நாள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் உன் வீட்டுக்குள்ளேயே ஒருவருக்குத் தெரியாத செய்தியை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

23 வயதில் உனக்குக் கல்யாணம் செய்துவைத்தது என் அவசரம். இன்னும் இரண்டு வருடம் கேட்டாய். பெரியம்மா வீட்டுக் கதையைச் சொல்லி உன் வாயை அடைத்தேன். அன்று உனக்குச் சம்பளமே கிடையாது, மாப்பிள்ளையும் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தார். அவர் அதிகம் கொண்டுவருவார், நீ கூடமாட ஏதோ சம்பாதிப்பாய் என்று நான்தான் இரண்டு பேர் காதிலும் போட்டேன்.

நான் விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயே, பொருளாதார அறிஞர் கேரி பெக்கர். அவரும் இன்னும் இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரையை வருடாவருடம் நடத்தினேன். வருமானம் குறைந்தால் மணமுறிவு என்று பிள்ளைகள் ஒரே வரியில் எழுதிவைப்பார்கள். சிவப்பு மையால் அடிப்பேன். கல்யாணத்தின்போது எதிர்பார்த்த வருமானத்திலிருந்து பிறகு வருவது எவ்வளவு விலகிப் போகிறது, அதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். அந்த விலகல் மேலே போனாலும் ஆபத்து, கீழே போனாலும் ஆபத்து. சின்ன வயதில் கட்டிக்கொண்டவர்களுக்கு இது பெரிதாக வரும், ஏனென்றால் தாங்கள் என்னவாக ஆவோம் என்றே தெரியாமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதை அத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியவள்தான் உன்னை அவசரப்படுத்தினேன்.

2018-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வாளர்கள், சர்வேயில் தம்பதிகளின் சம்பளம் என்று சொல்லப்பட்டதை வரிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனைவி அதிகம் சம்பாதிக்கும் வீடுகளில் அவள் சம்பளம் குறைத்தும், கணவன் சம்பளம் கூட்டியும் சொல்லப்பட்டிருந்தது. முன்பின் தெரியாத சர்வே ஆளிடம்கூட. படித்ததும் எனக்கு முகம் சுட்டது.

நானும் மறைத்தவள்தான். துறைத் தலைவர் ஆனபோது என் சம்பளம் அப்பாவுடையதைத் தாண்டியது. மூன்று வருடம் வீட்டுக்குப் பழைய தொகையையே கொடுத்தேன். மிச்சம் வேறொரு கணக்குக்குப் போனது. அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் செய்தேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். உன் கல்லூரிக்குப் பணம் கட்டும் நேரத்தில், தனக்குப் பிடிக்காத ஒருவரிடம் போய் நின்று அவர் வட்டிக்கு வாங்கி வந்தார். அந்தப் பணம் என் கணக்கில் இருந்தது. இப்போது சொன்னால் மூன்று வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பாஸ்புக் அவர் கையில் கிடைத்த அன்று சத்தம்கூடப் போடவில்லை. "எனக்குத் தாங்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அந்த வருடம் அப்பா மாடியில் படுத்தது முதுகுவலியால் இல்லை, கண்ணம்மா. உங்களிடம் அப்படிச் சொல்லச் சொன்னது நான்.

மாப்பிள்ளை அப்பா மாதிரி இல்லை என்பாய். சரி, இருக்கட்டும். ஆனால் அவரும் கேட்பதற்கு அந்தக் கேள்வி ஒன்றுதான் இருக்கும். உன் சம்பளம் கூடியதால் ஒன்றும் ஆகிவிடாது. 1975-க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த கல்யாணங்களை வைத்து 2016-இல் வந்த ஒரு ஆய்விலும் மனைவி தன் காலில் நிற்பதால் முறிவு கூடியதாகத் தெரியவில்லை. மறைத்துவைத்தால் ஒவ்வொரு மாதமும் அது கூடிக்கொண்டே போகும். சொல்லிவிடு. உன் நல்ல செய்தியை நீயே, இந்த மாதச் சம்பளம் வருவதற்குள் சொல்லிவிடு.

கோபித்துக்கொள்ளாதே. தூங்கு. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவரும் பக்கத்தில் இருக்கும்போது செய். அவரை வாழ்த்தலாமா கூடாதா என்று தெரியாமல் எனக்குப் பேச்சே வரமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
அம்மா