பிரெஞ்சுக்காரங்க கேள்வி கேட்டா உடனே விலைய எறக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூர், ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு நம்ம ஊர்ப்பக்கத்துலேர்ந்து துணி, தோல் ஏற்றுமதி செய்றவங்க பாரிசுக்கு வியாபாரம் பேச வர்றப்ப கூட மொழிபெயர்ப்புக்குப் போறவன் நான், ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம் இது, தயவுசெஞ்சு போடுங்க.

சாம்பிள், சர்டிபிகேட் எல்லாம் பக்காவா கொண்டு வர்றாங்க. ஆனா எதிர்ல உக்காந்திருக்கிற பையர் (சரக்கு வாங்குறவர்) "இந்தத் தையல் ஏன் இப்படி, சாயம் எத்தன வாஷ் தாங்கும், எனக்கு இது சரியாப் படல"ன்னு ஆரம்பிச்ச உடனே நம்மாளுங்க முகம் வாடிப்போகுது, ஆர்டர் போச்சுன்னு நெனச்சு பீசுக்கு இவ்ளோ குறைச்சுக்கலாம்னு சொல்லிடறாங்க. அங்கதான் காரியம் கெடுது. அந்த ஊர்ல படிக்கும்போதே வாதம் பண்ணத்தான் பழக்குறாங்க, நம்ம பிளஸ் டூ மாதிரி பக்கலோரியான்னு ஒரு பரீட்சை, அதுல ஜெனரல் பிரிவுல படிக்கிற எல்லாப் பசங்களும் 4 மணி நேரம் தத்துவப் பேப்பர் எழுதியாகணும். அப்படி வளந்தவங்க பொருள் மேல ஆர்வம் இருந்தாத்தான் குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க, இல்லன்னா மரியாதையா நாலு வார்த்த பேசி அனுப்பிடுவாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லாம விலைய எறக்கினா சரக்குலயே ஏதோ கோளாறுன்னு நெனப்பாங்க. ஏன் இந்த நூல், ஏன் இந்தச் சாயம்னு நிதானமா சொல்லுங்க, தெரியலன்னா நாளைக்கு மெயில்ல அனுப்புறேன்னு சொல்லுங்க, அதுக்கு அங்க மதிப்பு உண்டு.

அப்புறம் ரிசப்ஷன்ல இருக்கிற அம்மாகிட்ட "போன்ழூர் மதாம்" சொல்லாம நேரா இங்கிலீஷ்ல "இன்னாரப் பாக்கணும்"னு ஆரம்பிக்கிறது. கடையோ லிஃப்ட்டோ, அங்க மொதல்ல வணக்கம், மத்ததெல்லாம் பின்னாடிதான், அது இல்லாம பேசினா அதட்டுற மாதிரி எடுத்துக்குவாங்க. ரூம்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் கை குலுக்கணும், வரும்போதும் கிளம்பும்போதும், முதலாளிகிட்ட மட்டும் குலுக்கிட்டு உக்காந்துடக் கூடாது. அவங்களா சொல்ற வரைக்கும் முசியே (ஐயா), மதாம் (அம்மா)தான், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டா அவசரப்படாதீங்க, ஒன்றர மணி நேரம் கூட ஆகலாம், ரேட் பேச்ச அவங்க எடுக்கட்டும், பெரும்பாலும் காபி வர்ற நேரத்துலதான் எடுப்பாங்க. அதுவரைக்கும் ஊர், சாப்பாடுன்னு பேசுங்க. வைன் வேண்டாம்னா வேண்டாம்னு சொன்னா போதும், யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க, சைவம்னா மட்டும் முன்னாடியே சொல்லிடணும்.

ஊருக்குத் திரும்பினதும் ராத்திரில வாட்ஸ்அப்ல துரத்துறது இன்னொரு பழக்கம். பிரான்ஸ்ல 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற கம்பெனிகள் ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் மெயில், போன் தொந்தரவு இல்லாம இருக்கிற உரிமையப் பத்தி ஊழியர்களோட பேசி முடிவு பண்ணணும்னு 2017 ஜனவரிலேர்ந்து சட்டமே இருக்கு. ஆகஸ்ட்ல பாதிப் பேர் லீவு, பதில் வரலன்னா ஆர்டர் போச்சுன்னு பதறாதீங்க.

சென்னையிலயும் பாண்டிச்சேரியிலயும் பிரெஞ்சு சொல்லிக்குடுக்கிற அலியான்ஸ் பிரான்சேஸ் மையம் இருக்கு, பிரான்ஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க பாண்டிச்சேரில இருக்காங்க. ஏற்றுமதியாளர் சங்கங்க இவங்கள கூப்பிட்டு, பயணத்துக்கு முன்னாடி அரை நாள் வகுப்பு நடத்தணும், அதுல பையர் கேள்வி கேக்குற மாதிரி ஒருத்தர உக்கார வச்சு பதில் சொல்லிப் பழக்கணும். உங்க வணிகப் பக்கத்துலயும் இதப் பத்தி எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாரிஸ்